வழி தன் குணத்தைத் தானே சொல்லட்டும்

பியர் டு பியர் செய்தி மென்பொருள் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிரலாளர்களுக்கு,

நடுவில் எந்த நிறுவனத்தின் சர்வரும் இல்லாமல், ஒருவர் கைபேசியிலிருந்து இன்னொருவர் கைபேசிக்குச் செய்தி கொண்டுபோகும் மென்பொருள்களை நீங்கள் எழுதுகிறீர்கள். செய்தி போகும் வழியை மையநிரலோடு சேர்த்துத் தைத்துவிடக் கூடாது என்ற முடிவுக்கு உங்களில் பலர் வந்திருக்கிறீர்கள். டிசிபி, புளூடூத், டோர், வைஃபை, யூஎஸ்பி டிரைவ் என எந்த வழியானாலும் அதைத் தனிச் செருகுநிரலாக எழுதி மாட்டிக்கொள்ள ஓர் இடைமுகம் வேண்டும் என்கிறீர்கள். முடிவு சரியானது. ஆனால் அந்த இடைமுகத்தை வரைய உட்காரும்போது எல்லார் கையும் முதலில் ஒரே வடிவத்தைத்தான் வரைகிறது: திற, படி, எழுது, மூடு என்று நான்கு செயல்கள். ஒரு முனையில் பைட்டுகளைப் போட்டால் மறுமுனையில் அதே வரிசையில், ஒன்றும் குறையாமல், உடனுக்குடன் வந்து விழும் என்ற நம்பிக்கை அந்த நான்கு சொற்களுக்குள் ஒளிந்திருக்கிறது. டிசிபி அந்த நம்பிக்கையை நமக்குப் பழக்கிவிட்டது. உங்கள் மென்பொருள் உண்மையாகத் தேவைப்படும் இடங்களில் கிடைக்கும் வழிகள் அப்படிப்பட்டவை அல்ல. வழிகளுக்குள் இருக்கும் வேறுபாட்டை இடைமுகம் மூடி மறைத்தால், மறைத்த வேறுபாடு பிறகு பிழையாகவோ, அதைவிட மோசமாக, ஒருவரைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாகவோ வெளியே வருகிறது. ஆகவே ஒவ்வொரு வழியும் தன் குணத்தை மையநிரலுக்கு வெளிப்படையாக அறிவிக்கும்படி இடைமுகத்தை அமையுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

வழிகளை மாற்றிக்கொள்ள முடிவது எவ்வளவு பெரிய பலம் என்பதற்கு டோர் வலைப்பின்னலின் வரலாறே போதும். 2011ன் பிற்பகுதியில் சீனத் தணிக்கை அமைப்பின் ஒரு புது உத்தி வெளியே தெரியத் தொடங்கியது. நாட்டுக்குள்ளிருந்து வெளியே போகும் ஓர் இணைப்பு டோர் போலத் தெரிந்தால், சற்று நேரத்தில் அதே முகவரிக்குத் தணிக்கையாளரே ஓர் இணைப்பை ஏற்படுத்தி, மறுமுனை டோர் நெறிமுறையில் பதில் சொல்கிறதா என்று சோதித்துப் பார்ப்பார். சொன்னால் அந்த முகவரி அன்றோடு சரி. ஃபிலிப் வின்டரும் ஸ்டெஃபான் லிண்ட்ஸ்கோக்கும் 2012ல் வெளியிட்ட ஆய்வு இதை விவரமாகப் பதிவு செய்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஈரான் மறையாக்கப்பட்ட இணைப்புகளையே பரவலாக முடக்கியபோது, ஆப்ஸ்பிராக்சி என்ற உருமாற்று நிரல் அவசர அவசரமாகப் பயன்பாட்டுக்கு வந்தது. மறுமுனையின் இரகசியம் தெரியாதவரிடம் வாயே திறக்காத ஆப்ஸ்4, பெரிய நிறுவனங்களின் கிளவுட் சர்வர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட மீக் ஆகிய இரண்டும் 2014ல் வந்தன. தன்னார்வலர்களின் உலாவிகளையே வழியாக்கிக்கொண்ட ஸ்னோஃப்ளேக் 2021ல் டோர் உலாவியின் நிலையான பதிப்பில் சேர்ந்தது. சாதாரண இணையதளத்துக்குப் போகும் இணைப்பு போலத் தோன்றும் வெப்டனல் 2024ல் வந்தது. இடையில் 2018 ஏப்ரலில் கூகுளும் அமேசானும், இப்படிப் பெரிய நிறுவனத்தின் சர்வருக்குப் பின்னால் ஒளியும் டொமைன் ஃபிரன்டிங் என்ற உத்திக்குக் கதவடைத்தன. அதை நம்பியிருந்த கருவிகள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. ஒரு வழி அரசால் சாகலாம், ஒரு நிறுவனத்தின் கொள்கை மாற்றத்தாலும் சாகலாம். வழி செத்தபோதெல்லாம் டோரின் மையநிரலைப் பிரித்து மேயாமல் அடுத்த வழியை மாட்ட முடிந்தது.

அதைச் சாத்தியமாக்கிய இடைமுகத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். டோர் தன் செருகுநிரலைத் தனக்குள் ஏற்றிக்கொள்வதில்லை. தனிப் புரோகிராமாக இயக்குகிறது. எந்தெந்த வழி வேண்டும், நிலைத்தகவலை எந்த ஃபோல்டரில் வைக்கலாம் என்பனவற்றைச் சூழல் மாறிகளில் எழுதிக் கொடுக்கிறது. செருகுநிரல் தன் வெளியீட்டில் ஒவ்வொரு வரியாகப் பதில் சொல்கிறது: எந்தப் பதிப்பு, எந்த வழி, இதே கணினியில் எந்தப் போர்ட்டில் சாக்ஸ் பிராக்சியாகக் காத்திருக்கிறது, அறிவிப்பு முடிந்தது. அவ்வளவுதான். டோர் சி மொழியில் எழுதப்பட்டது, ஆப்ஸ்4 கோ மொழியில் எழுதப்பட்டது, இரண்டுக்கும் இடையே ஒரு பொது லைப்ரரிகூடத் தேவைப்படவில்லை. இணைப்புக்கு இணைப்பு மாறும் விவரங்களை, அதாவது மறுமுனையின் சான்று போன்றவற்றை, சாக்ஸின் பயனர்பெயர், கடவுச்சொல் ஆகிய இரண்டு இடங்களில் திணித்து அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றிலும் 255 பைட்டுக்கு மேல் கொள்ளாது. அழகான ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை சிறிய இடைமுகம் என்பதால்தான் இத்தனை பேரால், இத்தனை மொழிகளில், இத்தனை வேகமாகப் புதிய வழிகளை எழுத முடிந்தது. குணத்தை அறிவிக்கச் சொல்லும் நான், இடைமுகத்தைப் பெருக்கச் சொல்லவில்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

டோரின் ஏற்பாடு எங்கே இடிக்கிறது என்றால், சாக்ஸுக்கு அப்பால் இருப்பது ஒரு தடையில்லாத பைட் ஓட்டம்தான் என்று அது எடுத்துக்கொள்ளும் இடத்தில். மீக்குக்குக் கிடைத்ததோ கேள்வியும் பதிலுமாகப் போகும் ஹெச்டிடிபி. சர்வர் தானாக முன்வந்து எதையும் அனுப்ப முடியாது, கேட்டால்தான் பதில். அதனால் மீக் தானே ஓர் அமர்வு எண்ணை உருவாக்கி ஒவ்வொரு கேள்வியிலும் ஒட்டி, வரிசை குலையாதிருக்க ஒரு நேரத்தில் ஒரே கேள்வி என்று கட்டுப்படுத்தி, அனுப்ப ஒன்றுமில்லாதபோதும் முதலில் 100 மில்லிநொடியில் தொடங்கி 5 நொடி வரை இடைவெளியை நீட்டிக்கொண்டே வெறும் கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டி வந்தது. ஸ்னோஃப்ளேக்கின் சங்கடம் இன்னும் பெரியது. அதன் வழி என்பது எங்கோ ஒரு தன்னார்வலர் திறந்துவைத்திருக்கும் உலாவிப் பக்கம். அவர் அதை மூடினால் வழி அறுந்தது, அதன் மேல் ஓடிய டோர் இணைப்பும் அறுந்தது. டேவிட் ஃபிஃபீல்டு 2020ல் டர்போ டனல் என்ற பெயரில் முன்வைத்த தீர்வு, வெளியே இருக்கும் வழி எத்தனை முறை அறுந்தாலும் அறுபடாத ஓர் உள் அமர்வை நடுவில் வைப்பது. பாக்கெட்டுகளுக்கு எண் இடுவது, தொலைந்ததைத் திரும்ப அனுப்புவது, வந்து சேர்ந்ததற்கு ஒப்புகை தருவது எல்லாம் அந்த உள் அமர்வின் வேலை. ஸ்னோஃப்ளேக் அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் தன்னார்வலர் போனாலும் பேச்சு தொடர்ந்தது. நல்ல தீர்வு. ஆனால் கவனியுங்கள்: இடைமுகம் ‘எல்லாம் ஓட்டம்’ என்று பாவித்ததால், ஓட்டமாக இல்லாத ஒவ்வொரு வழியும் ஓட்டம் போல நடிக்கத் தேவையான பொறியைத் தனக்குள் தானே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. உறுதியாகக் கொண்டுசேர்க்கும் வேலை மையத்தில் ஒரே ஒருமுறை எழுதப்பட்டிருக்க வேண்டியது. செருகுநிரலுக்குச் செருகுநிரல் தனித்தனியாக, தனித்தனிப் பிழைகளோடு எழுதப்பட்டது.

நடிப்பின் விலை உழைப்போடு நிற்பதில்லை. 2013ல் கெடஸ், ஷூச்சார்ட், ஹாப்பர் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்றை உங்கள் குழுவில் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். இணையவழித் தொலைபேசி அழைப்புக்குள் தரவை ஒளித்து அனுப்பும் கருவிகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தொலைபேசி அழைப்பு பாக்கெட் இழப்பைத் தாங்கும். அங்கங்கே சில பாக்கெட் போனாலும் குரல் கேட்கும். அதற்குள் ஒளிந்து போகும் தரவோ ஒரு பாக்கெட்டைக்கூட இழக்கக் கூடாது. எனவே தணிக்கையாளர் எதையும் உடைத்துப் படிக்க வேண்டியதில்லை. எல்லா அழைப்புகளிலும் கொஞ்சம் பாக்கெட்டுகளைக் கீழே போட்டால் போதும். உண்மையான அழைப்புகள் பிழைத்துக்கொள்ளும், ஒளிந்து போகிறவை தவிக்கும். அதே ஆண்டு வெளிவந்த ஹூமன்சத்ர் குழுவினரின் ஆய்வு, வேறொரு நெறிமுறையைப் போல வேஷம் போடும் கருவிகள் அதன் ஓரஞ்சார நடத்தைகளை எல்லாம் பின்பற்ற முடியாமல் பிடிபடுவதைக் காட்டியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நமக்குக் கிடைக்கும் செய்தி இது: வழியின் இயல்புக்கும் அதன் மேல் ஓடுவதன் எதிர்பார்ப்புக்கும் இடையே உள்ள பொருத்தமின்மையே எதிரியின் கைப்பிடி. இழப்புள்ள வழி ஒன்று ‘என்னில் இழப்பு உண்டு’ என்று மையநிரலிடம் சொல்ல முடிந்தால், மையநிரல் தன் வேகத்தையும் மறு அனுப்பலையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். சொல்லவே இடமில்லாத இடைமுகத்தில் அதற்கு வாய்ப்பே கிடையாது.

இப்போது நேரெதிர் அணுகுமுறையைப் பார்ப்போம். பிரையர் என்ற செய்திச் செயலியின் அடியில் பிராம்பிள் என்ற அடுக்கு இருக்கிறது. டோர், புளூடூத், ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகள், யூஎஸ்பி டிரைவ் எல்லாம் அதன் செருகுநிரல்கள். அந்த இடைமுகத்தில் ஒவ்வொரு செருகுநிரலும் பதில் சொல்லியே ஆக வேண்டிய ஒரு கேள்வி: உன் வழியில் ஒரு செய்தி போய்ச்சேர அதிகபட்சம் எவ்வளவு நேரமாகும்? பார்க்கச் சாதாரணக் கேள்வி. ஆனால் அந்த ஓர் எண்ணில்தான் அந்த மென்பொருளின் பாதுகாப்பே நிற்கிறது. பழைய சாவிகளை அவ்வப்போது அழித்துவிட்டால், நாளை கைபேசி பறிபோனாலும் நேற்றைய செய்திகளைப் படிக்க முடியாது. இது நவீன செய்தி மறையாக்கத்தில் பரவலாகக் காணப்படும் எண்ணம். வழக்கமாக இரு தரப்பும் ஒன்றோடொன்று பேசிப் புதுச் சாவிக்கு மாறிக்கொள்ளும். யூஎஸ்பி டிரைவில் கொண்டுபோகும்போது பேசுவதற்கு ஏது வழி? ஆகவே பிராம்பிளில் இரு தரப்பும் கடிகாரத்தைப் பார்த்துத் தனித்தனியாகவே, பழைய சாவியிலிருந்து புதிய சாவியை ஒருவழிக் கணக்கால் வருவித்துக்கொள்கின்றன. ஒரு சாவி எவ்வளவு காலம் நீடிக்கும்? இரு கடிகாரங்களுக்கிடையே அனுமதிக்கப்பட்ட 24 மணி நேர வேறுபாடு, அதோடு அந்த வழி அறிவித்த அதிகபட்சத் தாமதம். முந்தைய காலம், இப்போதைய காலம், அடுத்த காலம் ஆகிய மூன்றின் சாவிகள் மட்டும் கையில் இருக்கும். அதற்கு முந்தியவை அழிக்கப்படும்.

இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை நிமிடத்தில் போய்ச்சேரும் என்று அறிவிக்கும் வழிக்கு ஒரு காலம் என்பது ஒரு நாளும் அரை நிமிடமும். நான்கு வாரம் ஆகலாம் என்று அறிவிக்கும் யூஎஸ்பி வழிக்கு 29 நாள். முதல் வழியில் போனதை ஒருவர் முழுவதும் பதிவு செய்து வைத்திருந்து, பிறகு கைபேசியையும் பறித்தால், அதிகம் போனால் கடைசி இரண்டு நாள் செய்தி அவருக்குக் கிடைக்கும். இரண்டாவதில் கிட்டத்தட்ட இரண்டு மாதச் செய்தி. தாமதத்தைக் குறைத்துச் சொன்னால் செய்தி வந்து சேரும்போது அதைத் திறக்கும் சாவி அழிந்துபோயிருக்கும். கூட்டிச் சொன்னால் சாவி தேவைக்கு மேல் உயிரோடு கிடக்கும். இரண்டுக்கும் நடுவே சரியான எண்ணைச் சொல்லக்கூடியது அந்த வழியை அறிந்த செருகுநிரல் மட்டுமே. ஒவ்வொரு வழிக்கும் தனிச் சாவி என்பதால் யூஎஸ்பியின் நீண்ட காலம் டோரின் குறுகிய காலத்தைக் கெடுப்பதும் இல்லை. திற, படி, எழுது, மூடு என்ற நான்கு செயல்களுக்குள் இந்த எண்ணுக்கு எங்கே இடம்? இடமில்லாத இடைமுகத்தை வைத்துக்கொண்டால், எல்லா வழிக்கும் பொதுவாக ஓர் எண்ணை மையநிரலில் எழுதிவைக்க வேண்டும். அந்த எண் யூஎஸ்பிக்குப் பொருந்தினால் டோர் பயனருக்குக் கேடு. டோருக்குப் பொருந்தினால் யூஎஸ்பியில் வந்த செய்தி திறக்காது.

அதே இடைமுகத்தில் எனக்குப் பிடித்த இன்னொரு கேள்வியும் உண்டு. ஒருவழிப் பாதைகளுக்கு மட்டும் அது கேட்கப்படுகிறது: உன் வழி தொலைக்கக் கூடியதா, அதோடு ஒரே தரவைத் திரும்பத் திரும்ப அனுப்புவது செலவில்லாததா? இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆம் அல்லது இல்லை. யூஎஸ்பி டிரைவுக்குப் பதில் ஆம். அதை எடுத்துப் போனவர் வழியில் தவறவிடலாம், சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொள்ளப்படலாம்; ஆனால் இடம் தாராளமாக இருக்கிறது. எனவே ஒப்புகை வராத செய்திகளை எல்லாம் ஒவ்வொரு முறையும் மறுபடி எழுதிக் கொடுத்துவிடலாம். புளூடூத்தில் இதைச் செய்தால் பேட்டரி காலியாகும். இந்தக் கேள்வியை எழுதியவர் யூஎஸ்பியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறார் என்பது அதைப் படித்தாலே தெரிகிறது. இணைப்பு எவ்வளவு நேரம் மௌனமாக இருந்தால் செத்ததாகக் கொள்ளலாம், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை தொடர்புகளைத் தேடிப் பார்க்கலாம் என்பனவும் அங்கே செருகுநிரலின் பதில்களே.

குணத்தை அறிவிக்கச் சொல்லும் இந்த யோசனைக்கு வரும் முதல் மறுப்பை நன்றாகவே அறிவேன். அடியில் இருப்பதன் விவரம் மேலே தெரியக் கூடாது என்பதற்குத்தானே இடைமுகம். தாமதமும் இழப்பும் மையநிரலுக்குத் தெரிந்தால் பிரித்து வைத்ததற்குப் பொருள் என்ன? பெயர் தெரிவதற்கும் குணம் தெரிவதற்கும் இடையே இருக்கும் வேறுபாடுதான் என் பதில். மையநிரலில் எங்காவது ‘இது புளூடூத் என்றால்’ என்று ஒரு நிபந்தனை வரி எழுதப்பட்டிருந்தால் இடைமுகம் தோற்றுவிட்டது. நாளை வரும் புது வழிக்கு அந்த வரி எதையும் சொல்லாது. ‘தாமதம் இத்தனை நாள் என்றால்’ என்ற வரி, இன்னும் கண்டுபிடிக்கப்படாத வழிக்கும் பொருந்தும். கூரியர் கடைக்காரர் தன் வண்டி எந்த ரோட்டில் போகிறது என்று நம்மிடம் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை நாளில் போகும் என்பதைச் சொல்லியாக வேண்டும். லிப்பீடுபீயின் அனுபவமும் இதையே காட்டுகிறது. ஐபிஎஃப்எஸ் திட்டத்திலிருந்து பிறந்த அந்த நூலகம், டிசிபி போன்ற வெறும் இணைப்பின் மேல் முதலில் மறையாக்கத்தையும் பிறகு ஒரே இணைப்பில் பல ஓட்டங்களைப் பிரிக்கும் அடுக்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றும். க்விக் நெறிமுறை வந்தபோது அது இரண்டையும் தனக்குள்ளேயே வைத்திருந்தது. ஆக, ‘நான் வெறும் இணைப்பைத் தருகிறேன், மேலே நீங்கள் ஏற்றிக்கொள்ளுங்கள்’ என்ற வழிகளும், ‘என்னிடம் எல்லாம் உண்டு, இரண்டாவது முறை ஏற்றாதீர்கள்’ என்ற வழிகளும் ஒரே இடைமுகத்தில் இடம் பெற வேண்டியிருந்தது. அதன் முகவரி முறையும் அதே பாங்கு. எந்த நெறிமுறையின் மேல் எந்த நெறிமுறை, எந்தப் போர்ட், யாருடைய அடையாளம் என்பதை முகவரியே சாய்கோடிட்டுச் சொல்லிவிடும். ஒரு முகவரியைத் தன்னால் அழைக்க முடியுமா என்ற தீர்ப்பு அந்தந்த வழியினுடையது.

உறுதியாகக் கொண்டுசேர்க்கும் வேலையை ஏன் மையத்தில் வைக்கச் சொல்கிறேன் என்பதற்கு டர்போ டனலைவிடப் பழைய ஆதாரம் இருக்கிறது. சால்ட்சர், ரீட், கிளார்க் ஆகியோர் 1984ல் அச்சிட்ட கட்டுரையின் வாதம், செய்தி உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்பதை இரு முனைகளில் உள்ள செயலிகளால்தான் முழுமையாக உறுதிப்படுத்த முடியும் என்பது. உங்கள் இடைமுகத்தில் ‘எழுது’ என்ற செயல் வெற்றி என்று திரும்பினால் அது எதற்குச் சான்று? டிசிபியில், உங்கள் இயங்குதளம் அதை வாங்கி வைத்துக்கொண்டது என்பதற்கு. யூஎஸ்பியில், ஒரு ஃபைல் எழுதப்பட்டது என்பதற்கு. எந்த வழியிலும் அது எதிரில் உள்ளவர் படித்தார் என்பதற்குச் சான்றாகாது. இருந்தும் அந்தத் திரும்பு மதிப்பை நம்பி ‘அனுப்பப்பட்டது’ என்று டிக் குறி போடும் செயலிகள் உண்டு. சிறைக்குப் போகக்கூடிய ஒருவர் அந்தக் குறியை நம்பிச் செயல்படலாம். இது எனக்குச் சிறிய விஷயமாகத் தெரியவில்லை.

இரண்டாவது மறுப்பு நடைமுறைக்காரர்களுடையது: இப்போது ஒரே வழிதான் தேவை, வராத விருந்தாளிக்கு ஏன் இலை போட வேண்டும்? இதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரே ஒரு வழியை வைத்துக்கொண்டு வரைந்த பொது இடைமுகம் அந்த ஒரு வழியின் நிழலாகவே இருக்கும். அதனால்தான் முதலிலேயே ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருக்கும் இரண்டு வழிகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். டோரும் யூஎஸ்பியும் போதும். மறுபாதியோடு எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் விருந்தாளி ஏற்கனவே வந்தாயிற்று. 2022 ஏப்ரல் 3 அன்று இலங்கை அரசு சமூக ஊடகங்களை முடக்கியபோது இணையம் இருந்தது, தளங்கள் மட்டும் அடைபட்டன. சுற்றிப் போகும் வழி வைத்திருந்தவர்கள் போனார்கள். 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தையே நிறுத்தினார்கள். அங்கே டோரால் ஒரு பயனும் இல்லை, பக்கத்தில் இருப்பவரை எட்டும் வழிகள்தான் வேலை செய்திருக்கும். இரண்டும் தமிழ் பேசுவோர் வாழும் இடங்களில், நான்கு ஆண்டு இடைவெளியில் நடந்தவை. எந்த முடக்கம் எப்போது வரும் என்று நிரல் எழுதும்போது தெரியாது.

பாதுகாப்பை முன்னிட்டு வரும் மறுப்பு கனமானது. யார் யாரோ எழுதிய செருகுநிரலை உள்ளே விட்டால் அதுவே உளவாளியாகிவிடாதா? முதலில், செருகுநிரல் என்பதாலேயே பயனர் எங்கிருந்தோ இறக்கி மாட்டிக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிரையரின் வழிகள் எல்லாம் செயலியோடு சேர்த்தே தொகுக்கப்படுகின்றன. இடைமுகம் அங்கே நிரலை ஒழுங்காகப் பிரித்து வைக்கும் எல்லைக்கோடு. அடுத்து, எழுதியவர் யாராக இருந்தாலும் செருகுநிரலை எதிரியின் கம்பியாகவே பாவியுங்கள். மறையாக்கமும் அடையாளமும் அதற்கு மேலே முடிந்துவிட வேண்டும். அதன் கைக்குப் போவது அர்த்தமில்லாத பைட்டுகளாக இருக்க வேண்டும். பிராம்பிளில் ஒவ்வோர் ஓட்டத்தின் தொடக்கத்திலும் 16 பைட் அடையாளக்குறி இருக்கிறது. பெறுபவர் அதை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருப்பதால் அடையாளம் கண்டுகொள்வார். மற்றவர்களுக்கு அது வெறும் தற்செயல் எண். ‘நான் இன்னார், இந்த நெறிமுறை பேசுகிறேன்’ என்ற முகமன் எதுவும் கம்பியில் போவதில்லை. அப்படியும் செருகுநிரலுக்கு ஒன்று தெரியும்: யாரோடு, எப்போது, எவ்வளவு. அதை மறைக்க இடைமுகத்தால் முடியாது. தனிப் புரோகிராமாக இயக்கி, அதன் கைகால்களை இயங்குதளத்தின் உதவியோடு கட்டிவைப்பது சேதத்தைக் குறைக்கும். டோர் காட்டிய வழி அந்தவகையிலும் நல்ல வழி.

அதைவிட அதிகம் கவலைப்பட வேண்டியது, ஒரு வழி அடைபட்டால் மையநிரல் தானாக இன்னொன்றுக்குத் தாவுவது. பிட்காயினை எடுத்துக்கொள்ளுங்கள். 2009 முதல் அதன் கணினிகள் ஒன்றோடொன்று மறையாக்கம் இல்லாமல்தான் பேசிவந்தன. மறையாக்கம் உள்ள இரண்டாம் பதிப்பு வழி 2023 டிசம்பரில் விருப்பத் தேர்வாகவும், 2024 ஏப்ரலில் இயல்பாகவும் வந்தது. எதிர்முனைக்குப் புதிய வழி தெரியாவிட்டால் அது பழைய வழிக்கே திரும்பி இணைக்கும். பரிமாற்ற விவரம் எப்படியும் எல்லாருக்கும் அறிவிக்கப்படும் ஒரு வலைப்பின்னலில் அது ஏற்கத்தக்க முடிவு. உங்கள் மென்பொருளில் அப்படிச் செய்யாதீர்கள். டோர் அடைபட்டதும் கேட்காமல் புளூடூத்தை இயக்கினால், கூட்டத்தில் நிற்கும் ஒருவர் தன் கருவி அங்கே இருப்பதை ரேடியோவில் அறிவித்துவிடுகிறார். வைஃபை வழிக்குத் தாவினால் அந்த வைஃபையை நடத்துபவர், யார் யாரோடு பேசுகிறார் என்பதைப் பார்க்கிறார். உருமாற்று நிரல் இல்லாத டோர் வழியோ, டோர் பயன்படுத்தப்படுகிறது என்பதை இணைய நிறுவனத்துக்குக் காட்டுகிறது. எனவே தாமதம், இழப்பு ஆகியவற்றோடு ‘இந்த வழியில் போனால் யார் கண்ணில் படும்’ என்பதும் அறிவிக்க வேண்டிய குணம். அருகில் இருப்பவர், உள்வலையை நடத்துபவர், இணைய நிறுவனம், யாருமில்லை என்று நான்கு விடைகள் போதும். எது தனக்குச் சரி என்று பயனர் ஒருமுறை சொல்லட்டும். மையநிரல் அந்த எல்லைக்குள் மட்டும் தாவட்டும். எல்லைக்குள் வழி இல்லையென்றால் செய்தியை வைத்துக்கொண்டு காத்திருக்கட்டும்.

செருகுநிரல் பொய் சொன்னால்? அரை நிமிடம் என்று அறிவித்துவிட்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டால்? அறிவிப்பை நம்ப வேண்டாம், சோதியுங்கள். சோதிக்க வசதியான வடிவத்துக்கு பிட்காயின் கோர் நல்ல முன்மாதிரி. அதில் முதல் பதிப்பு வழியும் இரண்டாம் பதிப்பு வழியும் ஒரே இடைமுகத்தின் இரு வடிவங்கள். இரண்டுமே சாக்கெட்டைத் தொடுவதில்லை. வந்த பைட்டுகளைக் கொடு, முழுச் செய்தி சேர்ந்ததா சொல், அனுப்ப வேண்டிய செய்தியை வாங்கிக்கொள், அனுப்ப வேண்டிய பைட்டுகளைக் காட்டு, இத்தனை போய்விட்டது என்று குறித்துக்கொள். அவ்வளவே அதன் பேச்சு. வலையில்லாமல், நேரமில்லாமல், ஒரே கணினிக்குள் லட்சக்கணக்கான தாறுமாறான உள்ளீடுகளை ஊட்டி அதைச் சோதிக்க முடிகிறது.

ஆகவே நீங்கள் எழுதும் முதல் செருகுநிரல் புளூடூத்தாகவோ டோராகவோ இருக்க வேண்டாம். பாக்கெட்டைத் தொலைக்கும், வரிசை மாற்றும், ஒன்றையே இருமுறை தரும், நடுவில் அறுந்துபோகும், கடிகாரத்தை உங்கள் விருப்பப்படி தள்ளிவைக்கும் ஒரு பொய் வழியை முதலில் எழுதுங்கள். அது 28 நாள் தாமதம் என்று அறிவிக்கட்டும். 27ஆம் நாள் வந்து சேரும் செய்தியை மையநிரல் திறக்கிறதா என்று பாருங்கள், திறக்க வேண்டும். பிறகு அதே செய்தியை 60ஆம் நாள் கொண்டுவந்து கொடுங்கள். இந்த இரண்டாவது சோதனையைப் பலர் எழுதுவதே இல்லை. அன்றைக்கும் அது திறந்தால், அழிந்திருக்க வேண்டிய ஒரு சாவி உங்கள் பயனரின் கைபேசியில் எங்கோ இன்னும் கிடக்கிறது என்று பொருள்; வேறு எந்த வழியை எழுதுவதற்கு முன்பும் அதைத் தேடிப் பிடியுங்கள்.

அன்புடன்,
உங்கள் சக நிரலாளர்